பழைய புல்லட்டை வீட்டிலேயே பார்த்துக்கொள்ள: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டு வாசலில் அப்பா ஓட்டிய 1984 மாடல் புல்லட் 350 நிற்கிறது. அதைக் கழற்றி மாட்டியும், சில சமயம் கெடுத்தும் கற்றுக்கொண்டவை இவை. பழைய வண்டி வாங்கியவர்களும், தாத்தா வண்டியைத் தூசி தட்டி எடுத்தவர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகளுக்கு நான் சொல்லும் பதில்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

எந்த புல்லட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

'காஸ்ட் அயர்ன்' என்று எல்லாரும் சொல்லும் பழைய எஞ்சின் உள்ள 350 சிசி வண்டி. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தில் ரெட்டிச் ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் வண்டியைக் கோக்க ஆரம்பித்து, 1960களின் தொடக்கத்தில் உதிரிபாகங்களையும் இங்கேயே செய்யத் தொடங்கிவிட்டார்கள். ரெட்டிச் தொழிற்சாலை மூடிய பிறகும் அதே எஞ்சின் இங்கே 2010 வாக்கில்தான் விடைபெற்றது. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மி.மீ., கொள்ளளவு 346 சிசி. பெயர்தான் காஸ்ட் அயர்ன்; வார்ப்பிரும்பாக இருப்பது சிலிண்டர் மட்டும்தான், மேலே இருக்கும் ஹெட் அலுமினியம்.

புதிய வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இதில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. வீட்டுத் தெருவில் நாலு ரவுண்டு அடித்துக் காலைப் பழக்கிவிட்டு மெயின் ரோட்டுக்குப் போங்கள்.

பத்து வருஷமா நிக்கிற வண்டி. உதைச்சுப் பாக்கலாமா?

வேண்டாம். எல்லாரும் முதலில் செய்வது அதைத்தான். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் சிலிண்டரோடு ஒட்டியிருந்தால் அந்த ஒரு உதையில் செலவு இரண்டு மடங்காகிவிடும்.

பிளக்கைக் கழற்றி, ஓட்டை வழியே இரண்டு ஸ்பூன் எஞ்சின் ஆயிலை விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். மறுநாள் வண்டியை டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். தடங்கலில்லாமல் சுற்றினால் நல்லது. இறுக்கமாக இருந்தால் இன்னும் ஊறட்டும். கம்பியை விட்டு நெம்பாதீர்கள்.

அடுத்தது ஆயில். இந்த எஞ்சினின் ஆயில் டேங்க், அடிப்பெட்டியான கிராங்க் கேஸோடு சேர்ந்தே வார்க்கப்பட்டது. வண்டி நாள்கணக்கில் நின்றால் டேங்க்கில் இருக்கும் ஆயில் பம்ப் வழியே கசிந்து கிராங்க் பக்கம் இறங்கிவிடும். டிப்ஸ்டிக்கைப் பார்த்தால் ஆயில் குறைவாகத் தெரியும். "அடடா, ஆயிலே இல்லையே" என்று அரை லிட்டர் ஊற்றி ஸ்டார்ட் செய்தால் பின்னால் நீலப் புகை, எஞ்சின் மூச்சுவிடும் பிரீதர் குழாய் வழியே ஆயில் மழை. வண்டி போச்சு என்று பயந்து போன் செய்வார்கள், போனது ஒன்றுமில்லை. அடியிலிருக்கும் டிரெய்ன் போல்ட்டுகள் எல்லாவற்றையும் கழற்றி, பழைய ஆயிலை முழுக்க வடித்து, ஃபில்டர் மாற்றிப் புதுசு ஊற்றுங்கள். அப்புறம் ஆயில் அளவை எப்போதும் வண்டி சில நிமிடம் ஓடிய பிறகே பாருங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் ஆயில் மேலே ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஹெட்டுக்கு ஆயில் கொண்டுபோகும் மெல்லிய குழாயின் மேல் முனையில் உள்ள போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தினால், ஐடிலிங்கில் ஆயில் கசிந்து வர வேண்டும். வரவில்லையா, உடனே நிறுத்திவிடுங்கள்.

டயரில் பட்டன் இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். டயர் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும்: முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருஷம். '1409' என்றிருந்தால் 2009ஆம் வருஷத்தின் பதினான்காவது வாரம். அந்த டயரில் ஓட்டாதீர்கள்.

என்ன ஸ்பானர் வாங்க வேண்டும்? என்னிடம் இருக்கும் செட்டில் எதுவும் சரியாகப் பொருந்தவில்லை.

பொருந்தாது. இந்த வண்டியின் வம்சம் பிரிட்டிஷ். பல நட்டு போல்ட்டுகள் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அங்குல அளவில் இருக்கும். கால் அங்குல விட்வொர்த் ஸ்பானரின் வாய் 13.3 மி.மீ. உங்களிடம் இருக்கும் 13 உள்ளே நுழையாது, 14 வழுக்கும். அந்த 14ஐப் போட்டு ஓங்கி இழுப்பவர்களால்தான் பழைய புல்லட்டுகளின் நட்டெல்லாம் மூலை மழுங்கி உருண்டையாக இருக்கின்றன. நானும் அந்தப் பாவத்தைச் செய்தவன்தான்.

மரையும் அப்படித்தான். ஒரே தடிமனில் இரண்டு போல்ட் இருக்கும், மரை நெருக்கம் மட்டும் வேறாக இருக்கும். பழைய போல்ட்டைக் கையோடு கொண்டுபோய்க் கடையில் நட்டை மாட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். விரலால் நாலு சுற்று போகாத போல்ட்டை ஸ்பானரால் திருகவே கூடாது. எதிரே இருப்பது அலுமினியம், மரை உரிந்துகொண்டு வரும். கார்புரேட்டர் பக்கம் வந்தால் மட்டும் மில்லிமீட்டர் செட்.

ஒரு விட்வொர்த் செட், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), டெஸ்ட் லைட், ஒரு மல்டிமீட்டர், ஒரு மூட்டை பனியன் வேஸ்ட். ஆரம்பத்துக்கு இது போதும்.

பத்து உதை உதைத்தாலும் ஸ்டார்ட் ஆவதில்லை. எதிர்வீட்டுத் தாத்தா ஒரே உதையில் ஸ்டார்ட் பண்ணுகிறார்.

தாத்தாவுக்குக் காலில் பலம் அதிகம் என்று நினைக்காதீர்கள், அவர் மின்னோட்டம் காட்டும் அம்மீட்டரைப் பார்க்கிறார்.

பெட்ரோலைத் திறந்து, எஞ்சின் சில்லென்றிருந்தால் சோக் போட்டு, சாவியைத் திருப்புங்கள். கிக்கரை மெதுவாக மிதித்துக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் கெட்டியாக நிற்கும். அங்கே அம்மீட்டர் முள் மைனஸ் பக்கத்திலிருந்து நடுவுக்குத் தாவும். ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடும் சுவிட்சான பாயிண்ட் திறந்துவிட்டது என்று பொருள். இப்போது சிலிண்டர் அழுத்தத்தை வெளியேவிடும் டிகம்ப்ரஷர் லீவரைப் பிடித்தபடி கிக்கரை இன்னும் கொஞ்சம், ஓரிரு அங்குலம்தான், கீழே தள்ளுங்கள். லீவரை விடுங்கள். கிக்கர் மேலே வரட்டும். பிறகு ஆக்சிலேட்டரைத் தொடாமல், மேலிருந்து கீழ் வரை ஒரே சீராக ஒரு மிதி. வேகத்தைவிட முழுசாக மிதிப்பதுதான் முக்கியம்.

இப்படிச் செய்தும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், பிளக்கைக் கழற்றி ஹெட்டில் எர்த் படும்படி வைத்து ஸ்பார்க் பாருங்கள், பெட்ரோல் நனைந்த துணியெல்லாம் தள்ளி இருக்கட்டும். நீலமாகச் சொடுக்கினால் கார்புரேட்டர் பக்கம் போகலாம். மஞ்சளாக நூல் மாதிரி வந்தாலோ வரவே இல்லையென்றாலோ பேட்டரி, பாயிண்ட், கண்டென்சர் என்ற வரிசையில் பாருங்கள். பிளக் இடைவெளி 0.5 மி.மீ.

கிக்கர் திருப்பி அடிக்கிறது. கணுக்கால் வீங்கிவிட்டது.

டைமிங், அதாவது ஸ்பார்க் அடிக்கும் நேரம், முன்னால் ஓடியிருக்கிறது. முதலில் பாயிண்ட் இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் வையுங்கள். டைமிங்கை அதற்குப் பிறகு பாருங்கள், ஏனென்றால் இடைவெளியை மாற்றினாலே டைமிங்கும் மாறும். இந்த வரிசையை மாற்றிச் செய்துவிட்டு நாள் முழுக்கத் தலையைச் சொறிந்தவர்கள் உண்டு. அப்படியும் அடித்தால் பாயிண்டுக்குப் பின்னால், வேகத்துக்கேற்ப டைமிங்கை மாற்றும் ஆட்டோ அட்வான்ஸ் எடைகளின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது துருப்பிடித்து விரிந்த நிலையிலேயே ஒட்டியிருக்கும். கழற்றிச் சுத்தம் செய்து, ஒரு சொட்டு ஆயில் விட்டு, ஸ்பிரிங் மாற்றுங்கள். அது சரியாகும் வரை செருப்புக் காலோடு உதைக்காதீர்கள்.

பாயிண்டைத் தூக்கிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடலாமா?

போடலாம், நல்ல மேம்பாடுதான். ஆனால் ஓட்டை விழுந்த பானைக்கு வெள்ளி மூடி எதற்கு? அட்வான்ஸ் யூனிட் ஆடிக்கொண்டிருக்கிறது, ஒயரிங்கில் பத்து இடத்தில் டேப் சுற்றியிருக்கிறது என்றால் எலக்ட்ரானிக் கிட் அதையெல்லாம் சரிசெய்யாது. பழைய அமைப்பில் வண்டியை ஒரு மாதம் ஒழுங்காக ஓட்டிவிட்டுப் பிறகு மாற்றுங்கள். மாற்றினாலும் பழைய பாயிண்ட் தட்டைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். எலக்ட்ரானிக் பெட்டி போனால் நடுவழியில் ஒன்றும் செய்ய முடியாது. பாயிண்ட் அழுக்கானால் உப்புத்தாள் துண்டு போதும், வீடு வந்து சேரலாம்.

நான் இன்னும் பாயிண்டில்தான் ஓட்டுகிறேன். பிடிவாதம் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

டேப்பட் எத்தனை மில்லிமீட்டர் வைப்பது?

டேப்பட் என்பது வால்வை இயக்கும் புஷ்ராடில் விடும் இடைவெளி; இங்கே அது பூஜ்யம். ஃபீலர் கேஜுக்கு இங்கே வேலை இல்லை. எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். ராத்திரி நிறுத்தி காலையில் செய்வது உத்தமம். பிளக்கைக் கழற்றி, வலப்பக்கம் சிலிண்டரை ஒட்டி இருக்கும் சின்ன மூடியைத் திறந்தால் இரண்டு புஷ்ராடுகளின் அடிப்பகுதி தெரியும். பிஸ்டனை கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சிக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு வால்வும் மூடியிருக்கும்.

இப்போது புஷ்ராடை இரண்டு விரலால் உருட்டினால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆட்டினால் ஆடக் கூடாது. அவ்வளவுதான் அளவு. எக்சாஸ்ட் பக்கம் மட்டும் ஒரு நூலளவு கூடுதலாக இலகுவாக விடுங்கள். லாக் நட்டை இறுக்கும்போது அளவு நகர்ந்துவிடும், ஆகவே இறுக்கியபின் மறுபடி உருட்டிப் பாருங்கள். டக் டக் சத்தம் பிடிக்கவில்லை என்று இறுக்கி வைப்பவர்களின் எக்சாஸ்ட் வால்வு முழுசாக மூடாமல் கருகிப் போகும். கொஞ்சம் சத்தம் போட்டால் போடட்டும்.

ஆயில் ஒழுகாத புல்லட் உண்டா?

'ஒழுகவில்லை என்றால் உள்ளே ஆயில் இல்லை' என்று ஒரு பழைய கிண்டல் உண்டு. அதை நம்பி எல்லாரும் ஒழுகலோடு சமாதானமாகிவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒழுகல்களில் பெரும்பாலானவற்றைக் குறைக்க முடியும்.

எஞ்சினை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவித் துடைத்து, உலர்ந்தபின் இணைப்புகள் மேல் குழந்தைகளுக்குப் போடும் பவுடரைத் தூவிவிட்டுப் பத்து கிலோமீட்டர் ஓட்டி வாருங்கள். எங்கே ஆரம்பிக்கிறது என்று கோடு போட்ட மாதிரி தெரியும். ஆயில் சொட்டும் இடமும் கசியும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. காற்று அதைப் பின்னால் தள்ளிக்கொண்டு போயிருக்கும்.

பல இடத்தில் ஒரே நேரத்தில் கசிந்தால் பேக்கிங்குகளைக் குறை சொல்வதற்கு முன் பிரீதரைப் பாருங்கள். ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டன் இறங்கும்போதெல்லாம் கிராங்க் கேஸுக்குள் அழுத்தம் ஏறும். அதை வெளியேவிட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாமல் தடுப்பது வாத்து அலகு மாதிரி இருக்கும் ஒரு ரப்பர். அது காய்ந்து இறுகினாலோ, யாராவது குழாயை மடக்கிக் கட்டியிருந்தாலோ, அழுத்தம் போக வழியில்லாமல் கிடைத்த இடுக்கில் எல்லாம் ஆயிலைத் தள்ளும். சின்ன ரப்பர்தான். இதை மாற்றாமல் எஞ்சினையே பிரித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் சிலிக்கான் பேஸ்ட். எங்கள் வண்டியை ஒருமுறை ஒரு பட்டறையில் விட்டபோது, ஒழுகல் நிற்கட்டும் என்று டைமிங் கவர் முழுக்கப் பிதுங்கப் பிதுங்கப் பேஸ்ட் பூசி மூடியிருந்தார்கள். வெளியே பிதுங்கியது மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. உள்ளே பிதுங்கியது பிய்ந்து ஆயில் போகும் துளையில் போய் அடைத்துக்கொண்டது. கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் இடத்து பேரிங்கான பிக் எண்ட் போனது. இந்த எஞ்சினில் பிக் எண்ட் மிதக்கும் புஷ் வகை, ஆயில் இல்லாமல் சில நிமிடம்கூடத் தாங்காது. காகிதப் பேக்கிங்கும், இரு பக்கமும் விரல் நுனியில் தேய்த்த கிரீஸும், சமமான பரப்பும் போதும். பரப்பு சமமா என்று பார்க்க ஒரு கண்ணாடித் துண்டின் மேல் கவரை வைத்து ஆட்டிப் பாருங்கள்.

எந்த ஆயில்?

எஞ்சினுக்கு 20டபிள்யூ50. நம் வெயிலுக்கு அதுவே பொருத்தம். விலை உயர்ந்த சிந்தெடிக் இந்த எஞ்சினுக்குத் தேவையில்லை. அடிக்கடி மாற்றுவதே முக்கியம். இடப்பக்கம் கிளட்ச் இருக்கும் கேஸுக்குத் தனி ஆயில், கியர்பாக்ஸுக்குத் தனி. பழைய நாலு கியர் பெட்டிக்கு கிரீஸும் ஆயிலும் கலந்து போடுவதுதான் வழக்கம். வெறும் ஆயில் ஊற்றினால் தரையில்தான் இருக்கும்.

6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாற்றுவது வீட்டில் முடியுமா?

பொறுமை இருந்தால் முடியும். நான் செய்ததிலேயே நிஜமான பலன் தந்த மாற்றம் இதுதான். 6 வோல்ட் விளக்கில் ராத்திரி ஓட்டுவது கையில் அகல் விளக்கோடு போவது போல. 60 வாட் பல்பு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும், அதே வெளிச்சத்துக்கு 6 வோல்ட்டில் 10 ஆம்பியர் வேண்டும். நாற்பது வருஷ ஒயரும் சுவிட்சும் அதைத் தாங்காது.

மாற்ற வேண்டியவை: பேட்டரி, எல்லா பல்புகளும், ஹாரன், இக்னிஷன் காயில், பிளாஷர், சார்ஜிங்கை ஒழுங்குபடுத்தும் ரெகுலேட்டர் ரெக்டிஃபயர், மின்சாரம் உண்டாக்கும் காயில் செட்டான ஸ்டேட்டர். கம்பெனியே பிற்காலத்தில் 12 வோல்ட்டுக்கு மாறியதால் ஸ்டேட்டர் செட் கடைகளில் கிடைக்கிறது. கூடவே அதோடு சேர்ந்து சுற்றும் காந்தமான ரோட்டரையும் மாற்றுங்கள். பழைய ரோட்டரின் காந்தம் சோர்ந்திருக்கும். எந்த முனை எர்த் ஆகியிருக்கிறது என்று வேலை தொடங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள், மாற்றிக் கொடுத்தால் ரெக்டிஃபயர் ஒரு நொடியில் போய்விடும். ஹெட்லைட்டுக்கு ரிலே, பேட்டரிக்குப் பக்கத்தில் ப்யூஸ், இரண்டும் கட்டாயம்.

அம்மீட்டருக்குப் பின்னால் உள்ள இரண்டு நட்டையும் இறுக்க மறக்காதீர்கள். வண்டியின் மின்சாரம் மொத்தமும் அது வழியாகத்தான் போகிறது. "திடீர்னு எல்லாம் ஆஃப் ஆயிடுச்சு" என்று வரும் புகாருக்கு நான் முதலில் கை வைக்கும் இடம் அது.

எல்.இ.டி. ஹெட்லைட்?

பழைய ரிஃப்ளெக்டரில் மலிவு எல்.இ.டி. பல்பைச் செருகினால் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில்தான் விழும். ரோட்டில் விழாது. நல்ல ஹாலோஜன் போதும். பின் விளக்குக்கும் மீட்டர் விளக்குக்கும் எல்.இ.டி. தாராளமாகப் போடலாம், பேட்டரிக்கு நல்லது.

இப்போது வரும் இ20 பெட்ரோல் பழைய வண்டியைக் கெடுக்குமா?

கவனித்தால் சமாளிக்கலாம். அதில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும். வண்டி நின்றுகொண்டே இருந்தால் தண்ணீர் பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கித் துருவாகும். பழைய ரப்பர் குழாயும் கார்புரேட்டர் வாஷர்களும் ஊதும், பிசுபிசுக்கும், வெடிக்கும். எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றி, டேங்க்குக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே ஒரு சின்ன ஃபில்டர் போடுங்கள். கலவை கொஞ்சம் மெலிவாகும் என்பதால், பிளக் முனை வெளுத்திருந்தால் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் மெயின் ஜெட்டை ஒரு அளவு ஏற்றிப் பாருங்கள். காய்ந்த ரொட்டி நிறத்தில் இருந்தால் சரி.

டேங்க்கில் துரு ஏறியிருந்தால்: பெட்ரோலை முழுக்க வடித்து, நன்றாகக் கழுவி, குழாய் ஓட்டைகளை அடைத்து, எலுமிச்சை உப்பு என்று மளிகைக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் ஆசிடை வெந்நீரில் கரைத்து நிரப்பி ஒரு நாள் விடுங்கள். பெயிண்டில் வழியாமல் பாலித்தீன் சுற்றிக்கொள்ளுங்கள். வடித்தபின் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, உடனே உலர்த்தி, உள்ளே கொஞ்சம் ஆயில் சுழற்றிவிட வேண்டும். தாமதித்தால் அரை மணியில் மறுபடி செம்மண் நிறம் வந்துவிடும். ஓட்டை இருந்தால் பற்றவைக்கும் வேலையை வீட்டில் நினைக்கவே வேண்டாம். காலி டேங்க்கில் இருக்கும் ஆவிதான் வெடிக்கும்.

பிரேக் பிடிப்பதே இல்லை. டிஸ்க் போட்டுவிடட்டுமா?

டிரம்மை ஒழுங்காக வைத்துப் பார்த்தீர்களா? ஷூவில் கிரீஸ் பட்டிருக்கிறதா, கேபிள் உள்ளே துருப்பிடித்து இழுபடுகிறதா, டிரம் வட்டம் தப்பியிருக்கிறதா என்று பாருங்கள். சக்கரத்தை மாட்டும்போது அச்சு நட்டை இறுக்குவதற்கு முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு இறுக்கினால் ஷூக்கள் டிரம்மின் நடுவில் அமரும். இது காசில்லாத மேம்பாடு. காசு செலவழிக்கத் தயார் என்றால் பிற்கால புல்லட்டுகளில் வந்த 7 அங்குல இரட்டை லீடிங் ஷூ டிரம் போடலாம்.

பழைய ஷூ லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். தூசியை வாயால் ஊதவோ ஏர் பிடிக்கவோ கூடாது. ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கவரில் கட்டிப் போடுங்கள்.

பின் பிரேக்கைக் கழற்றும்போது பல்சக்கரத்தையும் பாருங்கள். இந்த வண்டியில் அது டிரம்மோடு சேர்ந்தே வரும். பல் தேய்ந்தால் டிரம்மையே மாற்ற வேண்டும். செயினை மட்டும் புதுசு போட்டுத் தேய்ந்த பல்லில் மாட்டினால் செயினும் சீக்கிரம் போய்விடும்.

புகை வருகிறது. போர் போட (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க) வேண்டுமா?

ஆக்சிலேட்டர் திருகும்போது நீலப் புகை வந்தால் ரிங், போர். ஆக்சிலேட்டரை மூடி இறக்கத்தில் வந்துவிட்டு மறுபடி திருகும்போது மட்டும் வந்தால் வால்வு கைடு (வால்வு தண்டு ஓடும் குழல்). இரண்டாவதுக்கு சிலிண்டரைத் தொட வேண்டாம். போர்தான் என்றால் பிஸ்டனை முதலில் வாங்கி, சிலிண்டரோடு லேத்துக்குக் கொண்டுபோங்கள். பிஸ்டனை அளந்து அதற்கேற்பத்தான் போர் போட வேண்டும். போர் போட்டுவிட்டுப் பிஸ்டன் தேடாதீர்கள். முதல் ஐநூறு கிலோமீட்டரில் ஆயில் மாற்றி, ஆயிரம் தாண்டும் வரை 60க்கு மேல் போகாமல், ஒரே வேகத்தில் நீட்டாமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள்.

உதிரிபாகம் எங்கே வாங்குவது?

சென்னை என்றால் புதுசுக்கு ஜி.பி. ரோடு, பழசுக்குப் புதுப்பேட்டை. எனக்கு அனுபவத்தில் பட்டது: கிளட்ச் கேபிள், ரப்பர், பேக்கிங் எல்லாம் எந்த நல்ல கடையிலும் வாங்கலாம். பாயிண்ட், கண்டென்சர், வால்வு, பிஸ்டன் ஆகியவற்றில் மலிவைத் தேடாதீர்கள். பழைய ஒரிஜினல் பொருள் தேய்ந்திருந்தாலும் தூக்கிப் போட வேண்டாம். புதுசாக வந்த நகல் ஒத்துவராமல், பழசையே சரிசெய்து மாட்டியது எத்தனையோ முறை.

எஞ்சினைப் பெரிசாக்கலாமா? சைலன்சர் மாற்றலாமா?

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கும் தயாரிப்பாளரின் அமைப்புக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கூடுதல் சிசி, வேறு சேசிஸ், கத்தும் சைலன்சர் எல்லாம் அதில் மாட்டும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். இந்த கிராங்கும் இந்த பிரேக்கும் 18 குதிரைத்திறனுக்காகச் செய்தவை.

50 வருஷம் தாண்டிய வண்டிக்குத் தனிப் பதிவு உண்டாமே?

உண்டு. 2021இல் வந்த விதி. 50 வருஷத்துக்கு மேற்பட்ட, பெரிய மாற்றம் செய்யாமல் அசல் நிலையில் இருக்கும் வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். நம்பரில் மாநில எழுத்துக்குப் பிறகு 'விஏ' வரும். புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். ஆனால் அந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம்; தினமும் ஆபீஸுக்கு ஓட்ட முடியாது. ஓட்டத்தான் வண்டி என்றால் சாதாரணப் பதிவையே ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

மூன்று மாதம் ஊருக்குப் போகிறேன். வண்டியை எப்படி நிறுத்துவது?

போவதற்கு முன் ஆயில் மாற்றுங்கள், பழைய ஆயிலோடு நிற்க வேண்டாம். பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து தானே அணையும் வரை ஐடிலிங்கில் விடுங்கள். பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். கிக்கரை மிதித்துக் கெட்டியாகும் இடத்தில் நிறுத்தினால் இரண்டு வால்வும் மூடியிருக்கும், ஈரக் காற்று உள்ளே போகாது. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், பழைய காட்டன் போர்வை போடுங்கள். திரும்பி வந்ததும் கிளட்ச் ஒட்டியிருக்கும்; கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு நாலு முறை கிக்கரை மிதித்து விடுவித்த பிறகு ஸ்டார்ட் பண்ணுங்கள். சைலன்சரில் கொஞ்ச நேரம் புகை வந்தால் பயப்பட வேண்டாம், மேலே சொன்ன மாதிரி கிராங்க் பக்கம் இறங்கிய ஆயில்தான் எரிகிறது.